எமிலும் அவனைக் கரை சேர்த்த பெண்களும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, பழைய மாணவியர் சங்கம் கல்லூரி நூலகத்தில் நடத்திய வாசிப்பு நாளில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



வைத்தியர் ஒருவர் பேச வருகிறார் என்றதும் டெங்கு பற்றியோ நீரிழிவு பற்றியோ சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். சங்கச் செயலாளர் கேட்டதும் அதைத்தான். நூலகத்தில் வைத்து நுளம்பைப் பற்றிப் பேச மனம் வரவில்லை என்று சொல்லி, ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது இந்த நூலகம் இந்தக் கட்டடத்தில் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால், இரண்டு அலுமாரியும் ஒரு நீள மேசையும் உள்ள அறையில் இருந்தது. ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு தட்டில் மட்டும். அந்தத் தட்டில் மட்டை பிய்ந்த மெல்லிய புத்தகம் ஒன்றை நூலக ரீச்சர் எடுத்துத் தந்து, “வாசிச்சுப் பார், விளங்காத சொல்லைக் கொப்பியில எழுதிக்கொண்டு வா” என்றார். ‘எமிலும் துப்பறிவாளர்களும்’. எரிக் கெஸ்ட்னர் என்ற ஜேர்மன் எழுத்தாளர் எழுதியது. ஐலீன் ஹோல் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1959 இல் பஃபின் வெளியீடாக வந்தது. அது 1993. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் வாசித்தேன். கதை ஒரு ரயில் பயணத்தில் தொடங்குகிறது. எங்களுக்கு ரயில் நின்று மூன்று வருடம். கதையில் ஒரு சின்னப் பையன் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். நான் அதுவரை தொலைபேசியைக் காதில் வைத்தே பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கதை எனக்கு நன்றாக விளங்கியது. ஒரு குறைதான். அந்தப் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. யாரோ கிழித்தார்களோ, பூச்சி அரித்ததோ தெரியாது. கள்ளன் பிடிபட்டான் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரிய எனக்குப் பதினெட்டு வருடம் எடுத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எமில் டிஷ்பைன் தகப்பனில்லாப் பிள்ளை. தாய் வீட்டிலேயே பெண்களுக்குத் தலைமயிர் கழுவி அலங்கரித்துக் கொடுத்து உழைக்கிறாள். அம்மம்மாவிடம் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து 140 மார்க் பணத்தைக் கொடுத்து மகனைத் தனியே பேர்லினுக்கு ரயிலேற்றுகிறாள். எமில் அந்தத் தாள்களைச் சட்டைக்குள் வைத்துக் குண்டூசியால் குத்திவைக்கிறான். நித்திரையில் பணம் போய்விடுகிறது. பக்கத்தில் இருந்த தொப்பிக்காரன்தான் எடுத்தவன். எமிலால் பொலிஸுக்கும் போக முடியாது. ஊரில் ஒரு சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைந்த குற்றம் அவன் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே அவனே கள்ளனைப் பின்தொடர்கிறான். பேர்லின் தெருப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்கிறார்கள். கடைசியில் கள்ளனைக் காட்டிக்கொடுப்பது அந்தக் குண்டூசி: தாள்களில் ஊசி குத்திய துளைகள். சாட்சியம் என்றால் என்ன என்பதை மருத்துவ பீடத்துக்குப் போகுமுன்பே எனக்குச் சொல்லித்தந்தது அந்தத் துளைகள்தான்.

இன்றைக்கு நான் சொல்லவந்தது அந்தக் கதையை அல்ல. அந்தப் புத்தகத்துக்கு நடந்த கதையை.

1929 இல் கெஸ்ட்னருக்கு முப்பது வயது. டிரெஸ்டன் நகரத்தில் பிறந்தவர். முழுப் பெயர் எமில் எரிக் கெஸ்ட்னர். அவருடைய தகப்பன் பெயரும் எமில்தான். தாய் ஈடா, கதையில் வரும் தாயைப் போலவே, வீட்டில் தலையலங்காரம் செய்து மகனைப் படிக்கவைத்தவர். முதலாம் உலகப் போரின்போது படைக்கு எடுக்கப்பட்டு, பயிற்சியில் ஒரு சார்ஜன்ட் படுத்திய பாட்டில் இதய நோயோடு திரும்பினார். (எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இப்படியான வரி கண்ணில் படாமல் போகாது.) பேர்லினுக்கு வந்து பத்திரிகைகளில் கவிதையும் விமர்சனமும் எழுதினார். பெரியவர்களுக்கான கூர்மையான எழுத்து. பிள்ளைகளுக்கு எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தோன்றியது ஒரு பெண்ணுக்கு.

அவர் எடித் யாக்கொப்சோன். கணவர் சீக்பிரீட் யாக்கொப்சோன் ‘டி வெல்ட்பியூன’ என்ற புகழ்பெற்ற வார இதழை நடத்தியவர். 1926 டிசம்பரில் திடீரென இறந்துபோனார். எடித் அந்த இதழின் பொறுப்பை ஏற்றார். அதற்கு முன்பே, 1924 இல், இரண்டு தோழிகளோடு சேர்ந்து ‘வில்லியம்ஸ் அன்ட் கொம்பனி’ என்று சிறுவர் நூல் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ‘டொக்டர் டூலிற்றில்’ ஜேர்மன் பிள்ளைகளிடம் போனது அவர் வழியாகத்தான், மொழிபெயர்த்ததும் அவர்தான். பஞ்சு பொம்மைக் கரடி பூவும் அவருடைய வெளியீடு. ஒற்றைக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் செருகிக்கொண்டு திரிகிற பெண்மணி. இதழுக்கு எழுதுபவர்களைத் தேநீருக்கு அழைத்திருந்த ஒரு நாளில் கெஸ்ட்னரைத் தனியே பிடித்து, நீங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதவேண்டும் என்றாராம். கெஸ்ட்னர் திகைத்துப்போனார். உங்கள் எழுத்துக்களில் பிள்ளைகள் அடிக்கடி வருகிறார்கள், அவர்களை உங்களுக்குத் தெரிகிறது என்பது எடித் சொன்ன காரணம்.

அதற்கு முன்பு பிள்ளைகளுக்கான கதைகள் என்றால் பெரும்பாலும் தேவதைகளும் காடுகளும், அல்லது நற்புத்தி சொல்லும் கதைகள். கெஸ்ட்னரும் நூலின் முன்னுரையில் தன்னையே கேலி செய்கிறார்: தென்கடல் தீவுகளைப் பற்றி எழுதத் தொடங்கி, திமிங்கிலத்துக்கு எத்தனை கால் என்ற இடத்தில் தடக்கி விழுந்தேன் என்று. தெரிந்ததை எழுது என்று ஒரு உணவுக்கடைப் பணியாளர் புத்தி சொல்கிறார். அதனால்தான் கதையில் வருவதெல்லாம் நிஜமான பேர்லின்: ட்ராம் வண்டி, மிருகக்காட்சிச்சாலை நிலையம், நொலென்டோர்ஃப் சதுக்கம். கதைக்குள் கெஸ்ட்னர் என்ற பெயருடைய பத்திரிகை நிருபர் ஒருவர்கூட வந்து எமிலைப் பேட்டி காண்கிறார். அமெரிக்காவில் நான்சி ட்ரூ முதலில் வந்தது 1930 இல். இங்கிலாந்தில் எனிட் பிளைட்டனின் ஐவர் குழு 1942 இல். பிள்ளைகளே ஒரு கூட்டமாகச் சேர்ந்து பெரியவனொருவனை மடக்குகிற கதைகளை நாங்கள் எத்தனையோ வாசித்திருக்கிறோம். அவற்றில் பலவற்றுக்கு எமில் மூத்த அண்ணன்.

படம் வரைய எடித் தேர்ந்தெடுத்தவர் வோல்ட்டர் ட்ரியர். பிராக் நகரத்தில் பிறந்த யூதர். மேலட்டையைப் பாருங்கள், பிரதி இங்கே இருக்கிறது; பேசி முடிந்ததும் கைமாற்றிப் பார்க்கலாம். முழுக்க மஞ்சள். ஆளரவமற்ற தெரு. நடந்துபோகும் தொப்பிக்காரன். விளம்பரத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளைகள். கிட்டத்தட்ட நூறு வருடமாகியும் இந்த அட்டையை மாற்றப் பதிப்பகத்தாருக்கு மனம் வரவில்லை.

புத்தகம் 1929 இலையுதிர்காலத்தில் வந்தது. உடனேயே கடல் தாண்டியது. அமெரிக்காவில் டபிள்டே பதிப்பகத்தின் சிறுவர் நூல் பிரிவுக்குத் தலைவியாக இருந்த மே மாசி தானே மொழிபெயர்த்து 1930 இல் வெளியிட்டார். அடுத்த வருடம் இலண்டனில் ஜொனதன் கேப் வெளியிட்டது. மொழிபெயர்ப்பு மார்கரெட் கோல்ட்ஸ்மித், அமெரிக்கப் பத்திரிகையாளர். முன்னுரை கவிஞர் வோல்ட்டர் டி லா மேர். 1931 டிசம்பரில் படமாகவும் வந்தது. திரைக்கதை எழுதியவர் பில்லி வைல்டர். அப்போது யாருக்கும் தெரியாத இளைஞர். பின்னாளில் ஹொலிவூட்டின் பெரிய இயக்குநர். அவரும் யூதர்.

இங்கே ஒரு சின்னக் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பெண்பிள்ளை என்றால் எமிலின் மச்சாள் பொனி ஒருத்திதான். பளபளக்கும் சைக்கிளில் வருகிறாள். கெட்டிக்காரி, வாய்க்காரி. ஆனால் கள்ளனுக்குக் காவல் நிற்கும் பையன்களுக்குக் காலையில் கோப்பியும் பணிசும் கொண்டுவருவதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. பன்னிரண்டு வயதில் இது எனக்குப் பிடிக்கவேயில்லை. ‘சைக்கிள் அவளிடம், பின்தொடர்வது மட்டும் பெடியளா?’ என்று நூலக ரீச்சரிடம் கேட்டேன். “நீ எழுதும்போது மாத்தி எழுது” என்றார். நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. கதைக்குள் பெண்பிள்ளைக்குக் கோப்பி காவுகிற வேலை. கதைக்கு வெளியே, எழுதச் சொன்னவர், அச்சிட்டவர், மொழிபெயர்த்தவர்கள், ஆபத்தான காலத்தில் பதிப்பகத்தைக் கையில் வைத்திருந்தவர், கிட்டத்தட்ட எல்லோருமே பெண்கள்.

ஆபத்தான காலம் 1933 இல் வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து நான்கு மாதத்துக்குள், மே மாதம் 10ஆம் திகதி இரவு, பேர்லினில் ஒப்பரா சதுக்கத்தில் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். எரித்தவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். எரிக்க வேண்டிய எழுத்தாளர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தீயில் போட்டார்கள். கெஸ்ட்னரின் பெயரும் சொல்லப்பட்டது. அவர் அங்கேயே கூட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய புத்தகங்கள் எரிவதை நேரில் நின்று பார்த்த எழுத்தாளர் அவர். யாரோ ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு சத்தமாகப் பெயரைச் சொல்லிவிட்டாள். அவர் மெல்ல நழுவிப்போனார்.

நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்று இருந்தது. தயாரித்தவர் ஒரு நூலகர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதில் கெஸ்ட்னர் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பின் பொருள், ‘எமிலைத் தவிர அனைத்தும்’ என்பது. அவ்வளவு பேர் அந்தப் பிள்ளையை விரும்பினார்கள் போலும், எரிக்கிறவர்களுக்கே கை கூசியது. அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அது இருந்திருக்கும். எதுவானாலும் அந்தச் சலுகை நெடுநாள் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் எமிலுக்கும் கதவு சாத்தப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு புத்தகம் எரிந்த கதையை நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1981 இல் எமது பொது நூலகம் எரிந்தபோது நான் கைக்குழந்தை. ஆனால் என் தாயார் சாகும்வரை அந்த இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

எடித் யாக்கொப்சோன் யூதர். 1933 இலேயே நாட்டை விட்டு ஓடவேண்டி வந்தது. பதிப்பகத்தை கூர்ட் மஷ்லர் என்பவரிடம் ஒப்படைத்தார். 1935 இன் கடைசி நாளில் இலண்டனில் இறந்துபோனார். வயது நாற்பத்து நான்கு. எனக்கு இப்போது அந்த வயதுதான் நடக்கிறது. மஷ்லரும் யூதர், அவராலும் ஜேர்மனியில் தொடர முடியவில்லை. அவர் செய்த புத்தியான வேலை, 1935 இல் சுவிற்சர்லாந்தில் ‘அட்ரியம்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கியது. ஜேர்மனியில் வெளியிட முடியாத கெஸ்ட்னரின் நூல்கள் அங்கே அச்சாகின. எமிலின் இரண்டாம் பாகம், ‘எமிலும் மூன்று இரட்டையர்களும்’, அதே வருடம் அங்கேதான் வந்தது. எழுதியவர் பேர்லினில், படம் வரைந்த ட்ரியரும் அப்போது பேர்லினில். புத்தகமோ எல்லை தாண்டிப் பிறக்கிறது.

பேர்லினில் விடப்பட்ட வில்லியம்ஸ் பதிப்பகம் என்னவானது? அங்கேயே பணியாற்றிய செசிலி டிரெஸ்லர் என்ற பெண் அதைப் பொறுப்பேற்றார். யூத உரிமையாளர்களின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோன காலம் அது. டிரெஸ்லர் பெரிய எழுத்தாளருமல்ல, பேச்சாளருமல்ல. கணக்குப் பார்த்து, கடிதம் எழுதி, கதவைத் திறந்துவைத்திருந்தவர். 1941 இல் பதிப்பகத்தின் பெயர் செசிலி டிரெஸ்லர் பதிப்பகம் என்று மாறியது. போர் முடிந்தபின் ஜேர்மன் பிள்ளைகளின் கைக்கு கெஸ்ட்னரின் புத்தகங்கள் மீண்டும் போனபோது அட்டையில் இருந்த பெயர் அதுதான்.

கெஸ்ட்னர் நாட்டை விட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். தாயை விட்டுப் போக மனமில்லை என்பது ஒரு காரணம். நடப்பதைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்றது இன்னொன்று. இரண்டு தடவை பிடித்து விசாரித்தார்கள். புனைபெயரில் திரைக்கதை எழுதிப் பிழைத்தார். நான் அவரைப் புகழவும் இல்லை, குறைசொல்லவும் இல்லை. போனவர்களையும் இருந்தவர்களையும் ஒரே குடும்பத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ட்ரியர் 1936 இல் இலண்டனுக்குப் போனார், பிறகு 1947 இல் கனடாவுக்கு. அங்கிருந்தும் கெஸ்ட்னருக்குப் படம் வரைந்து அனுப்பினார். 1951 இல் கனடாவிலேயே இறந்தார்.

எனக்கு மிகவும் துக்கம் தந்தது இவர்களின் கதையல்ல, அந்த 1931 ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த பிள்ளைகளின் கதை. எமிலாக நடித்த ரொல்ஃப் வென்கவுஸ், குழல் ஊதும் குஸ்டாவாக நடித்த பையன், சின்னச் செவ்வாயாக நடித்த ஹான்ஸ் லோர், மூவரும் படைக்கு எடுக்கப்பட்டார்கள். 1941க்கும் 1942க்கும் இடையில் மூவரும் போரில் இறந்துபோனார்கள். ஒருவருக்கும் முப்பது வயதாகவில்லை. பேர்லின் தெருக்களில் சிரித்துக்கொண்டு கள்ளனைத் துரத்திய அந்த முகங்களை இன்று படத்தில் பார்க்கும்போது இது தெரியாமல் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

போருக்குப் பிறகு இன்னொரு பெண் வருகிறார். யெல்லா லெப்மன். ஜேர்மன் யூதர், இலண்டனுக்குத் தப்பிப்போனவர், 1945 இல் அமெரிக்கப் படையின் ஆலோசகராக இடிபாட்டுக்குள் திரும்பினார். சோறில்லாத நாட்டில் பிள்ளைகளுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, நாடு நாடாகக் கடிதம் எழுதிப் புத்தகம் வாங்கி, 1949 இல் மியூனிக்கில் சர்வதேச இளைஞர் நூலகத்தைத் திறந்தார். கெஸ்ட்னர் அவருக்குத் துணைநின்றார். இன்றுவரை அந்த நூலகம் இருக்கிறது. எமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறான். அயல்நாட்டு மாணவர்கள் ஜேர்மன் மொழி படிக்கிற பாடநூலாகவும் பல காலம் இருந்தான். இலண்டனில் குடியேறிய மஷ்லர், முதுமையில் சிறுவர் படநூல்களுக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார். வென்றவர்களுக்குக் கையில் கொடுத்தது எமிலின் உருவச் சிலை.

இனி, எனக்குத் தெரியாமல் போன முடிவு.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளிக்கிட்டபோது அந்த அலுமாரியையும் புத்தகங்களையும் யார் பார்த்தார்கள்? திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது, அந்தத் தட்டு வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு படிப்பு, பரீட்சை, மருத்துவ பீடம். எமிலை மறந்தே போனேன். 2011 இல் மேற்படிப்புப் பயிற்சிக்காக இங்கிலாந்தில் இருந்தேன். ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பழைய பொருட் கடையில், கோப்பைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் நடுவில், அதே பஃபின் பதிப்பு. ஐம்பது பென்ஸ். அன்று எனக்கு இரவுக் கடமை. நள்ளிரவுக்குப் பிறகு சற்று ஓய்ந்தது. அழைப்பு வந்தால் ஓடவேண்டும், வராவிட்டாலும் நித்திரைகொள்ள முடியாது. அந்த அறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து, பதினெட்டு வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

எல்லோரும் கூடிக் கேக்கும் சொக்கலேற்றும் சாப்பிடுகிறார்கள். எமிலின் அம்மம்மா எழுந்து பேசுகிறாள். கள்ளனைத் துரத்திய பிள்ளைகளை அவள் அதிகம் புகழவில்லை. சின்னச் செவ்வாயைக் காட்டுகிறாள். அவன்தான் அந்தத் தொலைபேசிக்காரப் பையன். அவனுக்கும் வெளியே போகத்தான் ஆசை. எல்லோரும் தெருவில் திரில்லாகத் திரிகிறபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருந்து செய்தியை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதற்காக, இரண்டு நாளாக அவன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவனைத்தான் எல்லோரும் எழுந்து வாழ்த்த வேண்டும் என்கிறாள் கிழவி.

தொலைபேசி அடித்தது. விடுதியிலிருந்து அழைப்பு. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். அந்த இரவில் என் கண் கலங்கியிருந்ததற்கு நித்திரைக் குறைவுதான் காரணம் என்று கூடப் பணிபுரிந்த தாதிக்குச் சொன்னேன்.

கதவைத் திறந்துவைத்திருந்த செசிலி டிரெஸ்லரைப் பற்றிப் பின்னர் வாசித்தபோதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் ஞாபகம்தான் வரும். இரண்டு அலுமாரிக்குக் காவல் இருந்த எங்கள் நூலக ரீச்சரின் ஞாபகமும். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். எழும்ப வேண்டாம் ரீச்சர், முழங்கால் நோகும், எனக்குத் தெரியும்.

நூலகர் அவர்களே, அந்த ஐம்பது பென்ஸ் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். கல்லூரி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, ஆங்கிலத் தட்டில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கடைசிப் பக்கம் வரை எண்ணிப் பார்த்துவிட்டேன், எல்லாப் பக்கமும் இருக்கிறது.